‘சர்வர் இல்லை’ – கணிப்பொறி வலையமைப்பு ஓர் அறிமுகம்



‘சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க’ என்னும் சொற்களைக் கேளாத குடும்பம் நம் தருமபுரி மாவட்டத்தில் ஒன்றேனும் இருக்குமா? ரேஷன் கடையில் கைரேகை வைக்கும்போதும், வங்கியில் பணம் எடுக்கும்போதும், சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் விண்ணப்பிக்கும்போதும் இதே பதிலைக் கேட்கிறோம். எங்கள் விடுதித் தோழி ஒருத்தியின் தாயார் மலைக் கிராமத்திலிருந்து இறங்கி வந்து, ஓர் அலுவலகத்தின் முன் இரண்டு நாள் காத்திருந்து, இரு நாளும் இப்பதிலையே பெற்று, இரண்டு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழந்து திரும்பினார். ‘சர்வர் யாரு பாப்பா? அவரு ஏன் வரல?’ என்று மகளிடம் கேட்டாராம்.

தோழி சிரித்துக்கொண்டே இதைச் சொன்னாள். எங்களுக்கோ அது சிரிக்கும் கேள்வியாகத் தோன்றவில்லை. சர்வர் என்றால் ஓட்டலில் இட்லி கொண்டுவந்து வைப்பவர் என்பதுதானே நம் ஊர் வழக்கு? அந்த அம்மாள் பொருளைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறார். கணிப்பொறி உலகின் சர்வரும் அதே வேலையைத்தான் செய்கிறது. நாம் கேட்பதைக் கொண்டுவந்து தருகிறது. எங்கோ ஒரு கட்டடத்தில் இரவு பகலாக இயங்கும் ஒரு பெரிய கணிப்பொறி அது. நாம் ‘இன்ன எண்ணுள்ள விண்ணப்பத்தைக் காட்டு’ என்றால் அது எடுத்துக் காட்டுகிறது.

ஆனால் ஓட்டல் சர்வர் நம் மேசைக்கு நடந்து வருகிறார். கணிப்பொறி சர்வர் நடந்து வராது. அதற்கும் நமக்கும் நடுவே நீண்ட பாதை ஒன்று இருக்கிறது. அந்தப் பாதைக்குத்தான் வலையமைப்பு, நெட்வொர்க் என்று பெயர். ‘சர்வர் இல்லை’ என்று சொல்லப்படும் வேளைகளில் உண்மையில் சர்வர் நன்றாக இருந்து, பாதையில் ஏதோ ஓரிடம் பழுதாகியிருப்பதும் உண்டு. பாதையை அறிந்தால், பழுது எங்கே என்று கேட்க முடியும். அதைத்தான் இக்கட்டுரையில் காணவிருக்கிறோம்.

நம் கணிப்பொறி அறை

முதலில் நம் பள்ளிக் கணிப்பொறி அறையையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கணிப்பொறியின் பின்புறமிருந்தும் ஒரு கம்பி புறப்பட்டு, மூலையில் பச்சை விளக்குகள் மின்னும் ஒரு பெட்டிக்குச் செல்கிறது. அப்பெட்டியின் பெயர் சுவிட்ச். மின்விசிறி சுவிட்ச் அன்று. பெயர் மட்டும் ஒன்று. எந்தக் கணிப்பொறியிலிருந்து வரும் செய்தி எந்தக் கணிப்பொறிக்குப் போக வேண்டும் என்று பார்த்து, அந்தத் துளைக்கு மட்டும் அனுப்புவது அதன் வேலை.

கம்பியை உரித்துப் பார்த்தால் உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள் இருக்கும். அவை இரண்டிரண்டாகப் பின்னல்போல் முறுக்கப்பட்டிருக்கும். அழகுக்காக அன்று. ஒரு கம்பியில் ஓடும் மின்சாரம் பக்கத்துக் கம்பியின் செய்தியைக் குழப்பாதிருக்கவே முறுக்குகிறார்கள். இவ்வகைக் கம்பியை 100 மீட்டருக்கு மேல் ஒரே இழுப்பாக இழுக்கலாகாது. அதற்கு மேல் செய்தி மங்கிவிடும்.

ஓர் அறை, ஒரு கட்டடம், ஒரு வளாகம் என்னும் அளவில் அமைவது உள்ளூர் வலையமைப்பு. இதை ‘லேன்’ என்பர். இந்த உள்ளூர் வலையமைப்பை வெளியுலகத்தோடு இணைக்கும் வாசல் மற்றொரு பெட்டி. அது ரவுட்டர். இப்படி உலகெங்கும் உள்ள எண்ணற்ற வலையமைப்புகள் ஒன்றோடொன்று இணைந்த பெரும் வலையே இணையம். இணையத்துக்குத் தலைமை அலுவலகம் என்று ஒன்றில்லை. நடுவே ஒரு பெரிய கணிப்பொறி அமர்ந்து எல்லாவற்றையும் ஆள்வதும் இல்லை. எல்லாரும் ஒரே விதிகளின்படி செய்தி அனுப்பவும் பெறவும் ஒப்புக்கொண்டிருப்பதே அதன் அடித்தளம். அவ்விதிகளை வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் 1974இல் வெளியிட்டனர். 1983 ஜனவரி 1 முதல், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் அவ்விதிகளுக்கு மாறியது.

அந்த ஆர்ப்பாநெட்டின் முதல் செய்தியைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு ‘லாகின்’ என்னும் சொல்லை எழுத்தெழுத்தாக அனுப்பத் தொடங்கினர். எல், ஓ என்னும் இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்தன. மூன்றாம் எழுத்தில் மறுமுனைக் கணிப்பொறி நின்றுவிட்டது. ‘சர்வர் இல்லை’ என்பது முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது எனலாம்!

பொட்டலமும் முகவரியும்

ஒரு புகைப்படத்தை அனுப்புகிறோம். அது முழுப்படமாக ஒரே மூச்சில் போவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. இவற்றைப் ‘பாக்கெட்’ என்பர். வழக்கமான ஒரு பாக்கெட்டில் 1,500 பைட் அளவுக்குத்தான் இடம். எனவே 30 லட்சம் பைட் உள்ள ஒரு படம் ஏறக்குறைய 2,000 பாக்கெட்டுகளாகப் பிரிகிறது. ஒவ்வொன்றின் மேலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, வரிசை எண் முதலியன எழுதப்படுகின்றன. எல்லாம் ஒரே வழியில் போக வேண்டும் என்பதில்லை. முன்னே போனது பின்னே வரலாம். சில வழியில் தொலைந்தும் போகலாம். பெறும் கணிப்பொறி வரிசை எண்ணைப் பார்த்து அடுக்கிக்கொள்ளும். ‘ஐந்நூற்றுப் பதினேழாவது வரவில்லை’ என்றால் அதை மட்டும் அனுப்புநர் மீண்டும் அனுப்பும்.

ஏன் இந்தத் தொல்லை? முழுப்படமாகவே அனுப்பிவிடலாகாதா? ஒரு வகுப்பு முழுவதும் ஒரே குழாயடியில் நிற்பதாக எண்ணிப் பாருங்கள். முதலில் வந்தவள் நான்கு குடம் நிரப்பும்வரை மற்றவர் காத்திருந்தால், ஒரு குவளை நீர் கேட்டு வந்தவளும் அரை மணி நிற்க வேண்டும். ஆளுக்கொரு குவளையாக முறை வைத்தால் யாரும் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. பாக்கெட் முறையால் ஒரே கம்பியைப் பல்லாயிரம் பேர் பகிர்ந்துகொள்வது இவ்வாறுதான்.

இனி முகவரி. இதற்கு நம் அஞ்சல் துறையைவிட நல்ல எடுத்துக்காட்டு வேறில்லை. தருமபுரியின் பின்கோடு 636701. அரூருக்கு 636903, பென்னாகரத்துக்கு 636810. மூன்றிலும் முதல் மூன்று இலக்கங்கள் 636 என்று ஒன்றாகவே இருப்பதைக் கவனியுங்கள். டெல்லியில் கடிதம் பிரிப்பவருக்கு அரூர் எங்கிருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. ‘6’ என்று தொடங்கினால் தமிழ்நாடு, கேரளப் பக்கம் அனுப்பினால் போதும். இங்கு வந்தபின் 636ஐப் பார்த்துச் சேலம், தருமபுரிப் பகுதிக்குப் பிரிப்பார்கள். கடைசி மூன்று இலக்கங்கள் அஞ்சலகத்தைக் காட்டும். இணையத்திலும் ஒவ்வொரு ரவுட்டரும் இப்படித்தான். முகவரியின் முற்பகுதியைப் பார்த்து, ‘இது அந்தத் திசை’ என்று அடுத்த ரவுட்டரிடம் தள்ளிவிடுகிறது. முழு வழியும் எந்த ஒரு ரவுட்டருக்கும் தெரியாது. அடுத்த படி மட்டுமே தெரியும். ஆயினும் பாக்கெட் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இதில் மற்றொரு பொருத்தம்: பின்கோடு முறை நம் நாட்டில் தொடங்கியது 1972 ஆகஸ்ட் 15, பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15. இரண்டும் சுதந்திர தினங்கள்!

இணைய முகவரியை ‘ஐ.பி. முகவரி’ என்பர். புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்களாக அது இருக்கும். 192.168.1.1 என்பது போல. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை. பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 429 கோடி முகவரிகள் வரும். உலக மக்கள்தொகையோ 800 கோடிக்கு மேல்! பற்றாக்குறை வராமல் என்ன செய்யும்? இதற்காக மிக நீண்ட புதிய முகவரி முறையும் வந்து நடைமுறையில் உள்ளது. பழைய முறையில் ஒரு தந்திரம் செய்கின்றனர். நம் விடுதிக்கு வரும் கடிதங்கள் யாவும் ஒரே முகவரிக்கே வருகின்றன. வார்டன் சிஸ்டர் பெயர் பார்த்து அறையறையாகக் கொடுக்கிறார். அதுபோல் அறையிலுள்ள அத்தனை கணிப்பொறிகளுக்கும் வெளியுலகில் ஒரே முகவரி; உள்ளே தனித்தனி முகவரி. பிரித்துக் கொடுப்பது ரவுட்டர்.

எண்களை யார் நினைவில் வைத்திருக்க முடியும்? ஆகவே எண்ணுக்கு ஈடாகப் பெயர் வைத்திருக்கின்றனர். நாம் பெயரை அடித்தவுடன், பெயருக்குரிய எண்ணைத் தேடித்தர ‘டி.என்.எஸ்.’ என்னும் பெயரேடு உண்டு. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்தது இது. பெயர்களின் கடைசிப் பகுதி நாட்டைக் குறிப்பதுண்டு. ஆங்கிலத்தில் மட்டுமன்றித் தமிழ் எழுத்துகளிலேயே ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என்னும் மூன்று நாட்டுப் பெயர்களும் இணையத்தின் பெயரேட்டில் உள்ளன. இதை அறிந்தபோது எங்கள் வகுப்பே கைதட்டியது.

கம்பி, கண்ணாடி, கழுதை

செய்தி எதன் வழியாகவும் போகலாம். செம்புக் கம்பியில் மின்சாரமாக, காற்றில் வானொலி அலையாக, கண்ணாடி இழையில் ஒளியாக. ஒளியியல் பாடத்தில் படித்த முழு அக எதிரொளிப்பு இங்கே பயன்படுகிறது. முடிபோன்ற இழைக்குள் ஒளி வெளியே சிந்தாமல் நெடுந்தூரம் ஓடுகிறது. கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர். தருமபுரியிலிருந்து சென்னை ஏறக்குறைய 300 கிலோமீட்டர் என்றால், போய்ச்சேர ஒன்றரை மில்லி விநாடி! இணையம் வானத்திலிருந்து, செயற்கைக்கோளிலிருந்து வருகிறது என்று பலர் எண்ணுகின்றனர். நாடு கடந்து போகும் செய்தியில் பெரும்பகுதி கடலடிக் கம்பிகளில்தான் போகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலுக்கடியில் 3,200 கிலோமீட்டர் நீளக் கண்ணாடி இழைக் கம்பி 2002இல் இயங்கத் தொடங்கியது. பின்னர் வேறு பல கம்பிகளும் சென்னைக் கரையில் ஏறியுள்ளன.

கழுதை எங்கே வந்தது என்கிறீர்களா? நம் மாவட்டத்துக் கோட்டூர் மலைக்கு வாகனம் செல்லப் பாதை இல்லாததால், தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதையின் முதுகில் ஏற்றிச் சென்ற செய்தியை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். அந்த இயந்திரம் எந்த வலையமைப்போடும் இணைக்கப்படுவதில்லை. வெளியிலிருந்து யாரும் தொடாதிருக்க வேண்டும் என்றே அப்படி வைத்துள்ளனர். ஆகவே மக்களின் வாக்கு மலையிறங்க வேண்டுமானால் இயந்திரமே இறங்க வேண்டும். செய்தியைச் சுமப்பது எதுவானாலும் அது ஊடகமே. 1990இல் பொறியாளர் ஒருவர் புறாவின் காலில் பாக்கெட் கட்டி அனுப்புவதற்கே விளையாட்டாக ஒரு விதி எழுதி வெளியிட்டார். 2001இல் நார்வேயில் அதைச் செய்தும் பார்த்தனர்!

நம் நாட்டில்

இந்தியாவில் வலையமைப்பு 1986இல் ‘எர்நெட்’ என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பாக வேரூன்றியது. அதில் தொடக்கத்திலேயே இடம்பெற்ற நிறுவனங்களுள் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. அதே பத்தாண்டின் பிற்பகுதியில் தேசியத் தகவலியல் மையம் ‘நிக்நெட்’ என்னும் வலையமைப்பால் மாவட்டத் தலைநகரங்களைச் செயற்கைக்கோள் வழியாக டெல்லியோடு இணைத்தது. பொதுமக்களுக்கு 1995இல் சேவை வந்தபோது பம்பாய், டெல்லி, கல்கத்தா, சென்னை ஆகிய பெருநகரங்களில்தான் கிடைத்தது. தொலைபேசிக் கம்பி வழியே விநாடிக்கு 9,600 பிட் வேகம். மேலே சொன்ன புகைப்படத்தை அவ்வேகத்தில் அனுப்பினால் நாற்பது நிமிடத்துக்கு மேலாகும். இன்று ஒரு நொடி தாமதித்தாலும் நாம் முகம் சுளிக்கிறோம்.

அதே 1995ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் அன்று வத்திக்கானும் இணையத்தில் கால் வைத்தது. அப்பணியை முன்னின்று செய்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த பிரான்சிஸ்கன் சபைத் துறவி, அருட்சகோதரி ஜூடித் ஸோபலைன். அங்கிருந்த மூன்று சர்வர்களுக்கும் ரபேல், மிக்கேல், கபிரியேல் என்று அதிதூதர்களின் பெயர்களை இட்டிருந்தனர். செய்தி கொண்டுவருவதற்குக் கபிரியேலைவிடப் பொருத்தமான பெயர் உண்டா? கணிப்பொறி ஆண்கள் துறை என்று சொல்லும் அண்ணன்மாருக்கு இச்சகோதரியின் பெயரைச் சொல்லுங்கள்.

பழுது எங்கே?

இப்போது அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம். ‘சர்வர் இல்லை’ என்றால் நான்கில் ஒன்றாக இருக்கலாம். அலுவலகத்துக்குள்ளேயே கம்பி தளர்ந்திருக்கலாம். அல்லது ரவுட்டருக்கு மின்சாரம் இல்லாதிருக்கலாம். ரவுட்டர் வரை சரியாக இருந்து, வெளியே சாலை தோண்டிய ஜே.சி.பி. கண்ணாடி இழையை அறுத்திருக்கலாம். பாதை சரியாக இருந்து, பெயரேடு பதில் தராதிருக்கலாம். அல்லது உண்மையாகவே சர்வர் திணறலாம். பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் நாளில் பல லட்சம் பேர் ஒரே நிமிடத்தில் பதிவெண்ணைத் தட்டினால் அது என்ன செய்யும்? ஒரே டிக்கெட் கவுண்டரில் திருவிழாக் கூட்டம் நின்றால் நேர்வதே அங்கும் நேரும். இந்த நான்காம் வகைக்கு மட்டுமே ‘சர்வர் இல்லை’ என்னும் சொல் பொருந்தும்.

எதுவென்று கண்டுபிடிக்க ‘பிங்’ என்னும் சிறு கட்டளை உண்டு. 1983இல் மைக் மூஸ் என்பவர் எழுதியது. நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலி அனுப்பி எதிரொலி கேட்கும் முறையிலிருந்து வந்த பெயர். ‘இருக்கிறாயா?’ என்று ஒரு பாக்கெட் அனுப்பும்; ‘இருக்கிறேன்’ என்று திரும்பி வந்தால், எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று சொல்லும். எங்கள் கணிப்பொறி ஆசிரியை காட்டிய முறை இது. முதலில் நம் ரவுட்டரின் எண்ணுக்குப் பிங் செய்க. பதில் இல்லையேல் பழுது அறைக்குள்ளேயே. பதில் வந்தால், வெளியுலகில் நாம் அறிந்த ஓர் எண்ணுக்குச் செய்க. பதில் இல்லையேல் பழுது வெளிக் கம்பியில். அதுவும் வந்தால், எண்ணுக்குப் பதிலாகப் பெயரை அடித்துப் பார்க்க. எண்ணுக்குப் பதில் வந்து, எந்தப் பெயருக்கும் வராவிட்டால் பெயரேட்டில் பழுது. எல்லாம் சரியாக இருந்தும் குறிப்பிட்ட அந்தத் தளம் மட்டும் திறக்கவில்லையெனில் சர்வரைச் சந்தேகிக்கலாம். பாதுகாப்புக்காகச் சில சர்வர்கள் நலமாக இருந்தும் பிங்குக்குப் பதில் தருவதில்லை. அதையும் மனத்தில் வைக்க வேண்டும். மொத்தம் ஐந்து நிமிட வேலை.

இந்த ஐந்து நிமிடத்தால் என்ன பயன்? கம்பி தளர்ந்திருந்தால் அன்றே சரிசெய்யலாம்; அந்த அம்மாள் அரை மணி காத்திருந்தால் போதும். இழை அறுந்திருந்தால் அன்று காத்திருப்பதே வீண். உடனே வீட்டுக்குப் போகலாம். சர்வரில் கூட்டம் என்றால் காலையில் முதல் ஆளாக வருவது நல்லது. மூன்றுக்கும் ‘நாளைக்கு வாங்க’ என்று ஒரே பதிலைச் சொல்வது நியாயமாக எங்களுக்குப் படவில்லை.

ஒன்று சொல்ல மறக்கலாகாது. நம் பாக்கெட் பல ரவுட்டர்களின் கைமாறிப் போகிறது. வழியில் எவரும் பிரித்துப் படிக்காதிருக்கப் பூட்டிட்டு அனுப்பும் முறை உண்டு. முகவரிப் பட்டையில் ‘எஸ்’ என்று முடியும் ‘எச்.டி.டி.பி.எஸ்.’ அதன் அடையாளம். ஆனால் அப்பூட்டு வழியைத்தான் காக்கும். மறுமுனையில் இருப்பவன் திருடனா என்று பார்க்காது. ஓ.டி.பி. எண்ணை எவரிடமும் சொல்லக் கூடாதென்று வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கூறுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்னும் எண்ணுக்கு அழைக்கலாம்.

மலைக்கு எப்படிப் போவது?

மலைக் கிராமங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் தோழியர் ஏழு பேரிடம், ‘உங்கள் ஊரில் சிக்னல் எங்கே கிடைக்கும்?’ என்று கேட்டு எழுதிவைத்தோம். மாரியம்மன் கோவில் பாறை. தண்ணீர்த் தொட்டியின் மேல். சாமை வயலுக்கு மேலுள்ள மேடு. பள்ளத்துக்கு இந்தப் பக்கப் புளியமரம். இப்படி ஆளுக்கோர் இடம் சொன்னார்கள். ‘அங்கே நின்றால் கீழே என்ன தெரியும்?’ என்று அடுத்துக் கேட்டோம். ஏழு பேரும் ‘சமவெளி தெரியும்’ என்றே சொன்னார்கள். காரணம் எளிது. கைப்பேசி அலை பாறையை ஊடுருவுவதும் மலையை வளைந்து வருவதும் அரிது. கோபுரத்துக்கும் நமக்கும் நடுவே மறைப்பு இல்லாதிருக்க வேண்டும். 2020இல் ஊரடங்கின்போது நாங்கள் ஐந்தாம் வகுப்பு. சிலர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து வகுப்பு கேட்டோம். இத்தோழியரின் அக்காமார் பாறைமேல் ஏறிக் கேட்டனர். மழை வந்தால் வகுப்பு இல்லை.

ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011இல் ஒப்புதல் அளித்தது. பின்னர் அதற்குப் ‘பாரத்நெட்’ என்று பெயரிட்டனர். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகள் அதன் கணக்கில் வந்தன. நம் மாவட்டத்தின் 251 ஊராட்சிகளும் அவற்றில் அடக்கம். ஆனால் மலையில் ஓர் ஊராட்சி என்பது ஓர் ஊர் அன்று. பல குக்கிராமங்கள் மைல்கணக்கில் சிதறிக் கிடக்கும். இழை ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுவிட்டால் மற்றவர் என்ன செய்வர்?

தேனியில் ஒரு வழி கண்டனர். அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, 2006 வாக்கில் ஐந்து கிராமக் கண் பரிசோதனை நிலையங்களை மருத்துவமனையோடு இணைத்தனர். புதிய கம்பி எதுவும் இழுக்கவில்லை. வீட்டில் பயன்படும் வைஃபை கருவி போன்றதையே எடுத்து, எல்லாத் திசையிலும் பரவும் அலையைத் திசை காட்டும் ஆன்டெனாவால் ஒரே திசையில் குவித்து, உயரத்தில் பொருத்தினர். வீட்டில் இரண்டு அறை தாண்டாத வைஃபை, மறைப்பில்லாத வெளியில் பல கிலோமீட்டர் போயிற்று. கிராமத்தில் பயிற்சி பெற்ற பெண் ஒருவர் நோயாளியின் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியிலிருக்கும் மருத்துவர் திரையில் நோயாளியோடு பேசி, மருத்துவமனைக்கு வர வேண்டுமா வேண்டாவா என்று சொல்லிவிடுவார். பலருக்குப் பேருந்துச் செலவும் கூலியும் மிச்சமாயின.

எங்கள் தோழியர் குறித்துக் கொடுத்த ஏழு இடங்களும் அத்தகைய ஆன்டெனா வைப்பதற்கு ஏற்ற இடங்கள்தாம் என்று ஆசிரியை கூறினார். அவ்விடங்களை மலையின் வரைபடத்தில் குறித்து, பள்ளிக் கண்காட்சியில் வைத்திருந்தோம். பார்க்க வந்த பெற்றோர் ஒருவர், தம் ஊரின் எட்டாவது இடத்தைத் தாமே பென்சிலால் குறித்துவிட்டுப் போனார்.